தட்டு நிறையச் சோறு இருந்தும் சத்து போதாமல் போவது ஏன்?

பர்மாவில் ஒரு வேளைச் சாப்பாட்டில் பெரும்பங்கு சோறுதான். யாங்கோன், பகோ, மோல்மேன் என்று எந்த ஊர்த் தமிழ் வீட்டிலும் அடுப்பில் முதலில் ஏறுவது உலை. ஆனால் வயிறு நிறையச் சாப்பிடுகிறவருக்கே கால் மரத்துப்போவதுண்டு, கெண்டைக்கால் நோவதுண்டு, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குவதுண்டு. தாய்ப்பால் நன்றாகக் குடித்துக்கொண்டிருந்த மூன்று மாதக் குழந்தை திடீரெனக் குரல் கம்மி, மூச்சுத் திணறி, ஒரே நாளில் கைமீறிப் போவதும் உண்டு. இதன் பெயர் பெரிபெரி. இந்த நாட்டின் குழந்தை இறப்புகளுக்கு மருத்துவர்கள் அடையாளம் கண்ட காரணங்களில் இதுவும் ஒன்று. குறைந்துபோவது சோறு அல்ல, நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல் மட்டுமே தேவைப்படும் தயமின், அதாவது வைட்டமின் பி1.

உணவுச் சத்துகள் உடலுக்குள் என்ன செய்கின்றன என்பதைப் புரிந்துகொள்ள இந்த ஒரு வைட்டமினைப் பின்தொடர்ந்து போனாலே பெரும்பகுதி விளங்கிவிடும். ஒவ்வொரு சத்தும் இன்னொன்றை எதிர்பார்த்தே வேலை செய்கிறது. சோறு கூடக்கூட பி1 தேவையும் கூடும். ஆகவே களைப்பாக இருக்கிறது என்று இன்னும் இரண்டு கரண்டி சோறு போட்டுக்கொள்வது இந்தக் குறைக்கு மருந்தாகாது, குறையை வளர்க்கவே செய்யும்.

முதலில் அடிப்படை. நாம் உண்பதில் அதிக அளவில் தேவைப்படுபவை மூன்று: மாவுச்சத்து, புரதம், கொழுப்பு. ஒரு கிராம் மாவுச்சத்தும் ஒரு கிராம் புரதமும் ஏறத்தாழ 4 கிலோகலோரி தரும். ஒரு கிராம் கொழுப்பு 9 தரும். மாவுச்சத்து முக்கியமாக எரிபொருள். கொழுப்பு எரிபொருளாகவும் சேமிப்பாகவும் இருப்பதோடு ஒவ்வொரு செல்லின் சவ்வையும் கட்டுகிறது. புரதம் தசை, நொதி (வேதிவினைகளை நடத்திவைப்பது), நோய் எதிர்ப்பொருள் என்று உடலின் வேலையாட்களையே உருவாக்குகிறது. இவை கிராம் கணக்கில் தேவை. வைட்டமின்களும் பெரும்பாலான தாது உப்புகளும் மில்லிகிராம், மைக்ரோகிராம் கணக்கில் போதும். அவை எரிவதில்லை, கலோரி தருவதில்லை. ஆனால் எரிபொருளைப் பயன்படுத்தும் வேதிவினைகள் அவை இல்லாமல் ஓடாது. தண்ணீரும் ஒரு சத்துதான், ஏனென்றால் இந்த வினைகள் எல்லாமே நீருக்குள்தான் நடக்கின்றன.

சோறு ஒரு செல்லுக்குள் நுழைந்த பிறகு

சோற்றில் இருக்கும் மாவுச்சத்து நீண்ட குளுக்கோஸ் சங்கிலி. உமிழ்நீரும் கணைய நீரும் அதை வெட்டி, சிறுகுடல் வழியாகக் குளுக்கோஸாக இரத்தத்தில் விடுகின்றன. செல்லுக்குள் போன ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு முதலில் இரண்டு பைருவேட் மூலக்கூறுகளாகப் பிளக்கப்படுகிறது. இந்த முதல் கட்டத்தில் செல்லுக்கு நிகரமாகக் கிடைப்பது 2 ஏ.டி.பி. மட்டும். (ஏ.டி.பி. என்பது செல் தன் வேலைகளுக்குச் செலவிடும் ஆற்றல் மூலக்கூறு.) மீதி ஆற்றலில் பெரும்பகுதி பைருவேட்டுக்குள்ளேயே இருக்கிறது. அது மைட்டோகாண்டிரியாவுக்குள் (செல்லின் ஆற்றல் கூடம்) போய் முழுவதும் எரிந்தால் ஒரு குளுக்கோஸிலிருந்து மொத்தம் 30 முதல் 32 ஏ.டி.பி. வரை கிடைக்கும்.

மைட்டோகாண்டிரியாவுக்குள் பைருவேட்டை அடுத்த கட்டத்துக்கு மாற்றும் நொதியின் பெயர் பைருவேட் டீஹைட்ரோஜினேஸ். இந்த நொதி தனியாக வேலை செய்யாது. தயமின் இரண்டு பாஸ்பேட் குழுக்களைச் சேர்த்துக்கொண்டு தயமின் பைரோபாஸ்பேட் என்ற உருவத்தில் இதன் மடியில் வந்து அமர வேண்டும். மெக்னீசியமும் கூட வேண்டும். அதைத் தாண்டி, சிட்ரிக் அமிலச் சுழற்சி என்ற அடுத்த கட்டத்தின் நடுவிலும் தயமினை நம்பி ஓடும் இன்னொரு நொதி இருக்கிறது. ஆக, சோற்றிலிருந்து ஆற்றல் எடுக்கும் பாதையில் இரண்டு இடங்களில் இதே வைட்டமின் காவல் நிற்கிறது.

தயமின் இல்லையென்றால் என்ன ஆகும்? பட்டை அறுந்த அரிசி ஆலையின் வாசலில் நெல் மூட்டைகள் குவிவதுபோல பைருவேட் குவியும். செல் அதை லாக்டிக் அமிலமாக மாற்றி ஒதுக்கும். குளுக்கோஸ் ஏராளம், ஏ.டி.பி. பற்றாக்குறை, அமிலம் மிகுதி. இதை முதலில் தாங்க முடியாமல் தவிப்பவை ஓய்வே இல்லாத இதயமும், பெரும்பாலும் குளுக்கோஸையே நம்பி வாழும் மூளையும் நரம்பும்தான். பெரிபெரியின் அறிகுறிகள் ஏன் காலிலும் இதயத்திலும் தெரிகின்றன என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. உடலின் மிக நீண்ட நரம்புகள் பாதம் வரை போகின்றன. அவற்றின் நுனிதான் முதலில் வாடுகிறது.

உடலில் தயமின் சேமிப்பு மொத்தமே 25 முதல் 30 மில்லிகிராம். தசை, இதயம், கல்லீரல், மூளை ஆகியவற்றில் அது பரவிக் கிடக்கிறது. நீரில் கரையும் வைட்டமின் என்பதால் மிகுதியாக உண்டது சிறுநீரில் போய்விடும். கொழுப்பில் கரையும் வைட்டமின் ஏ போல மாதக்கணக்கில் தேங்காது. வரவு நின்றால் இரண்டு, மூன்று வாரங்களில் கையிருப்பு தீர்ந்துவிடும். ஆகவே பண்டிகைக்கு ஒருநாள் நன்றாகச் சாப்பிட்டது அடுத்த மாதத்துக்கு உதவாது.

அரிசிமணியில் பி1 எங்கே இருக்கிறது?

தயமினைத் தாமே செய்துகொள்ளத் தெரிந்தவை தாவரங்கள், ஈஸ்ட், பாக்டீரியா முதலியவை. மனித உடலுக்கு அந்த வழி கிடையாது. நம் பெருங்குடல் பாக்டீரியாக்கள் கொஞ்சம் செய்தாலும் அதை நம்பி இருக்க முடியாது.

நெல்மணியை உரித்துப் பார்ப்போம். வெளியே உமி. அதன் கீழே தவிட்டுப் படலம். ஒரு மூலையில் சிறிய முளை. மீதியெல்லாம் வெள்ளை மாவு. அந்த வெள்ளை மாவு, முளைக்கப்போகும் நாற்றுக்குத் தாய்ச்செடி கட்டிவைத்த எரிபொருள் கிடங்கு. முளையிலும் தவிட்டுப் படலத்திலும்தான் உயிருள்ள செல்கள் இருக்கின்றன. ஈரம் பட்டதும் விழித்து, நொதிகளைச் சுரந்து, மாவைக் கரைத்து நாற்றுக்கு ஊட்டுவது அவைதான். எரிபொருளைக் கையாளும் செல்லுக்குத்தான் தயமின் வேண்டும், கிடங்குக்கு வேண்டாம். அதனால் செடி தயமினை முளையிலும் தவிட்டிலும் குவிக்கிறது. நாமோ அரிசியைத் தீட்டி, அந்த இரண்டையும் கோழிக்கும் பன்றிக்கும் போட்டுவிட்டு, கிடங்கை மட்டும் உண்கிறோம்.

100 கிராம் தீட்டாத அரிசியில் ஏறத்தாழ 0.4 மில்லிகிராம் தயமின் இருக்கும். நன்றாகத் தீட்டிய பச்சரிசியில் அது 0.07 அளவுக்கு இறங்கிவிடும். புழுங்கல் அரிசியில், தீட்டிய பிறகும் 0.2 வாக்கில் நிற்கும். வகைக்கும் ஆலைக்கும் ஏற்ப எண்கள் மாறும், ஆனால் வரிசை மாறாது. கடைகளில் மணக்க மணக்க விற்கும் வெள்ளை வெளேரென்ற பவ்சான் அரிசி இந்த வரிசையில் கடைசியில் நிற்பது.

புழுங்கல் அரிசி தப்பிப்பது எப்படி? நெல்லை உமியோடு ஊறவைக்கும்போது தவிட்டில் இருக்கும் தயமின் நீரில் கரைகிறது. அவிக்கும்போது அந்த நீர் உள்ளே போய், தயமினையும் வெள்ளை மாவுக்குள் கொண்டுசேர்க்கிறது. அதே சூட்டில் மாவு வெந்து இறுகி அதைப் பிடித்துக்கொள்கிறது. காயவைத்துத் தீட்டும்போது தவிடு போனாலும் உள்ளே குடிபோன பங்கு போகாது. நெல் அவிக்கும் பழக்கத்தைக் கண்டுபிடித்தவர்களுக்கு வைட்டமின் என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஆனால் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கடல் கடந்து வேலைக்குப் போன இடத்தில் அது உயிர் காத்தது. மலாயாவில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர்களிடையே பெரிபெரி பரவலாக இருந்தபோது, புழுங்கல் அரிசி உண்ட தமிழர்களிடையே அது அரிதாக இருந்ததை அங்கிருந்த மருத்துவர்கள் கவனித்தார்கள். அவர்களில் ஒருவரான வில்லியம் பிளெட்சர் 1905-இல் கோலாலம்பூர் மனநல விடுதியில் ஒரு பாதிப் பேருக்குப் பச்சரிசியும் மறுபாதிக்குப் புழுங்கலும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசிப் பிரிவில் பலர் நோயில் விழுந்தார்கள், சிலர் இறந்தார்கள். புழுங்கல் பிரிவில் புதிதாக எவருக்கும் வரவில்லை.

அதற்கு முன்பே, 1890-களில், ஜாவாவின் பட்டேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மன் தீட்டிய அரிசி தின்ற கோழிகளின் கால் தளர்வதையும், தவிடு கொடுத்தால் அவை தேறுவதையும் பார்த்திருந்தார். அரிசியில் ஏதோ நஞ்சு இருப்பதாகவும் தவிடு அதை முறிப்பதாகவும் அவர் முதலில் நினைத்தார். நோய் வருவது ஒன்று இல்லாததால் என்று 1901-இல் எடுத்துச் சொன்னவர் அவருடைய உடன்பணியாளர் கெரிட் கிரின்ஸ். தவிட்டிலிருந்து அந்தப் பொருளைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தது 1926-இல் ஜான்சனும் டோனாத்தும், அதுவும் ஜாவாவில்தான். 1936-இல் ராபர்ட் வில்லியம்ஸ் அதை ஆய்வகத்தில் செய்துகாட்டினார். பிறகுதான் பி1 மலிவான மாத்திரையானது.

ஒரு நாள் கணக்கு

வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 1.2 மில்லிகிராம், பெண்ணுக்கு 1.1, கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 1.4. உழைக்கிறவர் ஒருவர் ஒரு நாளில் 500 கிராம் அரிசி உண்கிறார் என்று வைப்போம். தீட்டிய பச்சரிசி என்றால் அதில் 0.35 மில்லிகிராம். மூன்று நான்கு முறை கசக்கிக் கழுவி, கஞ்சியை வடித்துக் கொட்டினால் அதிலும் பாதிக்கு மேல் போகலாம். ஆனால் அந்த 500 கிராம் தரும் 1800 கிலோகலோரியை எரிக்க மட்டுமே 0.9 மில்லிகிராம் வேண்டும். 1000 கிலோகலோரிக்கு 0.5 மில்லிகிராம் என்பது கணக்கு. சோறு தன்னை எரிக்கத் தேவையான தயமினில் பாதியைக்கூடத் தானே கொண்டுவருவதில்லை. மீதியைக் குழம்புதான் தர வேண்டும். அதே 500 கிராம் புழுங்கலாக இருந்தால் கையில் 1 மில்லிகிராம்.

குழம்பு எது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். கீரை, முட்டை, பால் எல்லாம் நல்ல உணவுகள்தான், ஆனால் பி1 அவற்றில் குறைவு. விதையும் முளையும் எங்கே முழுசாக இருக்கிறதோ அங்கேதான் அது நிறைய இருக்கும். துவரம்பருப்பு, பாசிப்பயறு, கடலைப்பருப்பு, உளுந்து ஆகியவற்றில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 0.3 முதல் 0.6 மில்லிகிராம் வரை. நிலக்கடலையில் 0.6, எள்ளில் 0.8 வாக்கில். இறைச்சியில் கொழுப்பு நீக்கிய பன்றியிறைச்சிதான் இதில் முதலிடம், 0.8-க்கு மேல், கோழியிலும் மாட்டிலும் அந்த அளவு இல்லை. கடலையிலிருந்தும் எள்ளிலிருந்தும் ஆட்டிய எண்ணெயில் பி1 கிடையாது, ஏனென்றால் அது நீரில் கரைவது, எண்ணெயில் தங்காது. எண்ணெய் மிதக்கும் குழம்பை நிறைய ஊற்றிக்கொண்டாலும் இந்தக் கணக்கில் ஒன்றும் சேராது.

நடைமுறையில், பச்சரிசிச் சோறே உண்ணும் வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு 60 கிராம் பருப்பும் ஒரு கைப்பிடி (30 கிராம்) வேர்க்கடலையும் சேர்ந்தால் ஏறத்தாழ அரை மில்லிகிராம் கூடும். சமைக்கும்போது அதில் கொஞ்சம் குறையும். காலையில் பெப்யோ என்று விற்கும் அவித்த பட்டாணி, கடலைமாவு கரைத்த மொஹிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்), கடலைமாவில் செய்யும் ஷான் டோஃபு, நம் வீட்டு உளுந்து சேர்ந்த இட்லி, தோசை எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

உள்ளே போவதைக் கெடுப்பவை

உண்ட தயமின் முழுவதும் உடலுக்குச் சேர்ந்துவிடும் என்று சொல்ல முடியாது. பச்சை நன்னீர் மீனிலும் சிப்பியிலும் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது தயமினை இரண்டாக உடைத்துவிடும். சோறு சேர்த்துப் புளிக்கவைத்து வேகவைக்காமலே உண்ணும் ஙாச்சின் (புளித்த மீன்), வேகாத ஙப்பி (மீன், இறால் விழுது) ஆகியவற்றில் இந்தத் தொல்லை இருக்கலாம். நொதி என்பது புரதம், சூட்டில் செயலிழக்கும். ஆகவே ஙப்பியை வதக்கியோ கொதிக்கவிட்டோ சேர்த்தால் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

தேநீர், பாக்கு ஆகியவற்றின் துவர்ப்புப் பொருள்களும் தயமினைச் செயலற்ற வடிவத்துக்கு மாற்றுகின்றன. இது நொதி அல்ல என்பதால் கொதிக்கவைத்தாலும் போகாது. சாப்பிட்ட கையோடு கடுந்தேநீர், அதன்பின் ஒரு குன்யா (வெற்றிலைப் பாக்கு) என்ற வழக்கம் இரட்டைச் சேதம். சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். வைட்டமின் சி இந்தச் சேதத்தைக் குறைக்கும், எனவே சோற்றோடு எலுமிச்சை பிழிந்துகொள்வது நல்ல வழக்கம். லப்பே தொக் என்ற ஊறிய தேயிலைக் கலவையைப் பொறுத்தவரை தேயிலை ஒரு பக்கம் கெடுத்தாலும், அதில் கலக்கும் வறுத்த கடலை, பருப்பு, எள் மறுபக்கம் தருகின்றன. ஆகவே அதைக் கடலையோடு உண்ணுங்கள், தேயிலையை மட்டும் மென்றுகொண்டிருக்காதீர்கள்.

அடுப்படியில் இன்னொரு எதிரி சமையல் சோடா. கொண்டைக்கடலை சீக்கிரம் வேகட்டும் என்று போடும் ஒரு சிட்டிகை, நீரைக் காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரான தன்மை) உடையதாக்கித் தயமினைச் சிதைக்கிறது. இரவே ஊறவைத்து, குக்கரில் வேகவைத்தால் சோடா தேவையே இல்லை. வெந்த நீரைக் கொட்டாமல் குழம்பிலோ ரசத்திலோ சேர்க்க வேண்டும், ஏனென்றால் கரைந்துபோன தயமின் அந்த நீரில்தான் இருக்கும்.

அரிசியை ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை அலசினால் போதும், கசக்க வேண்டாம். ஒரு பங்கு பச்சரிசிக்கு ஏறத்தாழ இரண்டு பங்கு நீர் அளந்து வைத்து, நீர் முழுவதும் சோற்றிலேயே வற்றும்படி வேகவிட வேண்டும். மின்குக்கர் செய்வதும் இதுதான். வடித்தே பழக்கம் என்றால் கஞ்சியை உப்புப் போட்டுக் குடியுங்கள். தீட்டாத அரிசிக்கு மாறுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தவிட்டில் எண்ணெய் இருப்பதால் அது பர்மாவின் மழைக்கால ஈரத்தில் சீக்கிரம் சிக்குவாடை அடிக்கும். மூட்டைக் கணக்கில் வாங்காமல் இரண்டு, மூன்று வாரத்துக்கு மட்டும் வாங்கி மூடிவைப்பது நல்லது. சமைப்பதற்கு முன் சில மணி நேரம் ஊறவைத்தால் மெதுவாக வேகும் தொல்லையும் குறையும்.

மற்றச் சத்துகளும் இப்படியே கூட்டாளிகளைத் தேடுகின்றன. அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது நிறைய. பருப்பில் குறையும் மெத்தியோனினை அரிசி தருகிறது. ஒரே கவளத்தில் இல்லாவிட்டாலும் ஒரே நாளில் இரண்டும் போனால் போதும். கீரையின் இரும்புச்சத்து வைட்டமின் சி உடன் இருந்தால் கூடுதலாக உறிஞ்சப்படும், தேநீரோடு போனால் குறையும். கேரட், முருங்கைக்கீரை தரும் வைட்டமின் ஏ-யின் மூலப்பொருள் சேர வேண்டுமானால் கூடவே கொஞ்சம் எண்ணெய் வேண்டும். இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் தொடாதவர்களுக்கு பி12 எந்தக் கீரையிலிருந்தும் போதிய அளவு கிடைக்காது. மாத்திரையோ செறிவூட்டிய உணவோதான் வழி.

யாருக்கு முதலில் வரும், எப்படித் தெரியும்?

பிள்ளை பெற்ற பிறகு பத்தியம் என்று சோறு, உப்பு, கொஞ்சம் கருவாட்டோடு வாரக்கணக்கில் நிறுத்திவிடும் வழக்கம் பர்மியர் வீடுகளிலும் நம் வீடுகளிலும் உண்டு. தாயின் கையிருப்பு தீர்ந்தால் பாலிலும் தயமின் தீரும். பால் அளவில் குறையாது, தாய்க்கு வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது. குழந்தைதான் விழும், பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து மாதத்துக்குள். அழுகைக்கு ஒலி வராமல் குரல் கம்முவது, பால் குடிக்க மறுப்பது, வாந்தி, வேகமான மூச்சு, நீலம் பாரிப்பது இவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. பத்தியம் இருக்கட்டும், அதில் பாசிப்பருப்பும் புழுங்கல் கஞ்சியும் எள்ளும் சேரட்டும். கர்ப்பகாலப் பரிசோதனைக்குப் போகும்போது பி1 மாத்திரை கொடுத்தால் குழந்தை பிறந்த பின்னும் சொன்ன காலம் முழுக்க விடாமல் சாப்பிட வேண்டும்.

பெரியவர்களில் மது அதிகம் குடிப்பவர்கள், நீண்ட நாள் வயிற்றுப்போக்கில் இருப்பவர்கள், சோற்றை மட்டும் நம்பிக் கடுமையாக உழைப்பவர்கள் முன்னால் நிற்கிறார்கள். மது, குடல் தயமினை உறிஞ்சுவதையே தடுக்கிறது. பாதம் எரிவது, மரத்துப்போவது, கெண்டைக்காலை அழுத்தினால் வலிப்பது, குத்தவைத்து உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியாதது உலர் பெரிபெரியின் அறிகுறிகள். கால் வீங்கி, படபடத்து, படுத்தால் மூச்சு முட்டுவது ஈர பெரிபெரி. இதில் இதயம் தளர்ந்துகொண்டிருக்கிறது. இப்படிப்பட்டவர் மயங்கியபோது வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏற்றுவது ஆபத்து. மிச்சமிருக்கும் தயமினையும் அந்தக் குளுக்கோஸ் செலவழித்துவிடும், மூளை பாதிக்கப்படலாம். எனவே நோயாளி என்ன சாப்பிட்டார், எவ்வளவு குடிப்பார் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். குளுக்கோஸுக்கு முன்போ அதனுடனோ பி1 ஊசி போட வேண்டுமா என்று அவர் முடிவு செய்ய அந்தத் தகவல் தேவை.

ஊசியாகக் கொடுத்த தயமினுக்கு இதயம் சில மணி நேரத்திலேயே பதில் சொல்லும். மூச்சு சீராகும், வீக்கம் சில நாளில் வடியும். நரம்பு அப்படியல்ல. கால் மரப்பு மாறப் பல வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். நோய் நீண்ட நாள் இருந்திருந்தால் முழுவதும் மாறாமலும் போகலாம். அதுவரை மாத்திரையை நிறுத்தாமல், தட்டில் பருப்பையும் குறைக்காமல் தொடர வேண்டும்.